பூனை நாக்கும் ஊன் கடையும்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கிற செமாராங் நகரத்தில் பெமுடா சாலை 52ஆம் எண் கட்டடத்தின் முகப்பில் 'தோக்கோ ஊன்' என்று எழுதியிருக்கும். தோக்கோ என்றால் கடை. ஊன் என்பது ஒரு சீனக் குடும்பப் பெயர். அதைப் பழைய டச்சு முறைப்படி எழுதியிருப்பதால் புதிதாகப் பார்க்கிறவர்கள் 'ஓயென்' என்றுதான் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் எங்கள் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆயிலர் பையன். அவன் சிரித்துவிட்டு, "ஊன், செகண்ட், ஊன்" என்று திருத்தினான். ஊன் என்றால் எங்கள் ஊரில் இறைச்சி என்று சொன்னேன். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்கோ அன்று முழுக்க அந்தச் சொல் நாக்கிலேயே நின்றது. இரண்டு சுழி னகரம் என்றால் இறைச்சி, மூன்று சுழி ணகரமாக்கினால் சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

நான் கப்பலில் செகண்ட் இஞ்சினியர். சொந்த ஊர் தூத்துக்குடி. துறைமுகங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு அதிகம் கிடையாது. பாதி ஊர்களில் கேட்டைத் தாண்டக்கூட நேரமிருக்காது. செமாராங்கில் அந்த முறை சரக்கு இறக்குவது தள்ளிப்போய் ஒரு பகல் முழுதாகக் கிடைத்தது. அந்தத் துறைமுகத்தின் பெயர் தஞ்சுங் எமாஸ், அதாவது தங்க முனை. பெயர்தான் தங்கம். கடல் ஏறினால் துறைமுகச் சாலைகளில் தண்ணீர் நிற்கும். 'ரோப்' என்கிறார்கள் அந்த அலையேற்ற வெள்ளத்தை. அதைத் தாண்டி ஊருக்குள் போனால் பழைய டச்சுக் கட்டடங்கள், சீனத் தெருக்கள், மோட்டார் சைக்கிள் கூட்டம். எங்கள் ஆயிலர் பையனுக்கு அதுதான் சொந்த ஊர். அம்மாவைப் பார்க்கப் போகிறவன், போகிற வழியில் என்னையும் அந்தக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனான்.

போகும்போது ஒன்று சொன்னான். "லிடா குச்சிங் வாங்காமல் வராதீர்கள், இந்தக் கடையில் அது விசேஷம்."

ஆறு மாதம் இந்தோனேசிய ஆட்களோடு இஞ்சின் ரூமில் வேலை பார்த்ததில் கொஞ்சம் சொற்கள் ஒட்டியிருந்தன. லிடா என்றால் நாக்கு. குச்சிங் என்றால் பூனை. பூனை நாக்கு! நான் எதையும் சாப்பிடுகிற ஆள்தான். ஆனாலும் வீட்டில் பூனை வளர்த்தவன் பூனை நாக்கைத் தின்ன முடியாது. மெனு அட்டையைப் பிரித்தால் நிஜமாகவே நாக்கு இருந்தது, 'பிஸ்திக் லிடா' என்று. பூனையின் நாக்கோ என்று பரிசாரகரிடம் எப்படிக் கேட்பது? நான் அட்டையில் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு "மியாவ்?" என்றேன். தலை நரைத்த அந்தப் பெரியவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையில் இரண்டு பக்கமும் விரலைக் கொம்பு மாதிரி வைத்துக் காட்டி, "மூ" என்றார். மாட்டு நாக்கு. பூனை நாக்கு என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடிகளில் அடுக்கி வைத்திருந்த பிஸ்கட். மெல்லிசாக, நீளவாக்கில், இரண்டு முனையும் வளைந்து, ஓரம் மட்டும் பொன்னிறமாகச் சிவந்து இருந்தது. டச்சுக்காரர்கள் வைத்த பெயரை அப்படியே மலாயில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்து பார்த்தால், கடைக்குள் கூரை ரொம்ப உயரம். பிரம்பு நாற்காலிகள், வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல்கள், ஓரத்தில் ஒரு பழைய பியானோ. என் பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்திருந்தது. பாட்டி முக்காடு போட்ட ஜாவானியப் பெண்மணி. அவர் முன்னால் டச்சுப் பெயர் கொண்ட ஒரு ஐஸ்கிரீம் இருந்தது. அந்தப் பெயரை அவர் தடுமாறாமல் சொல்லி ஆர்டர் செய்ததை நான் கேட்டேன்.

இந்தக் கடையைப் பற்றிப் பயண எழுத்தாளர்கள் எழுதும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ஐரோப்பியச் சமையலும் இந்தோனேசியச் சமையலும் கலந்த இடம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு சமையலறைகள் கைகுலுக்கிக்கொண்ட மாதிரி. ஆனால் கடை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஐரோப்பியருடையதும் இல்லை, ஜாவானியருடையதும் இல்லை. லியெம் கியென் நியோ என்ற ஜாவாச் சீனப் பெண் தொடங்கிய கடை அது.

1910இல் யோக்யகர்த்தாவில் அவர் பிஸ்கட், கேக் விற்கிற சின்னக் கடையாக அதை ஆரம்பித்தார். கணவர் பெயர் ஊன் ச்சுன் ஹோக். பலகையில் ஏறியது கணவரின் குடும்பப் பெயர். அடுப்பில் வெந்தது மனைவியின் கைவேலை. இது உலகத்தில் எங்கும் நடக்கிற கதைதான், நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1922இல் கடை வளர்ந்து ஐஸ்கிரீமும் சாப்பாடும் பரிமாறுகிற இடமாயிற்று. 1930இல் மலாங், 1934இல் பத்தாவியா, 1936 ஏப்ரலில் செமாராங். யோக்யகர்த்தாவில் இருந்த தாய்க்கடை 1937இல் மூடப்பட்டது. பத்தாவியாக் கடை, ஊர் ஜகார்த்தா ஆன பிறகும் தாக்குப்பிடித்து 1973இல் போனது. மலாங் கடை இன்றும் அதே பெயரில் நடக்கிறது, ஆனால் குடும்பத்தின் கையைவிட்டு எப்போதோ போய்விட்டது. ஊன் குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது செமாராங்தான்.

1910 என்ற வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். டச்சு ஆட்சி அப்போது மக்களைச் சட்டப்படி மூன்று தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தது. மேலே ஐரோப்பியர். கீழே மண்ணின் மக்கள். நடுவே 'அந்நியக் கீழைநாட்டார்' என்றொரு தட்டு. அதில் சீனர், அரபியர், நம்மைப் போன்ற இந்தியர் எல்லாரும் அடக்கம். இந்தப் பிரிவு 1854இலிருந்தே சட்டத்தில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 1899இல் ஜப்பானியரை மட்டும் தூக்கி ஐரோப்பியர் தட்டில் வைத்தார்கள். ஜப்பான் பலமான நாடாகிவிட்டது அல்லவா? தோலின் நிறத்தையும் போர்க்கப்பல் கொஞ்சம் மாற்றும்போலிருக்கிறது. சீனர்களுக்கோ குறித்த பேட்டைகளில்தான் குடியிருக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதிகள் நெடுங்காலம் இருந்தன. 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அவை மெல்ல மெல்லத் தளர்ந்து ஒழிந்தன. ஆக, அந்தக் கட்டு தளர்ந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு சீனப் பெண் ஐரோப்பியர் தின்னும் பண்டத்தை ஐரோப்பியருக்கே விற்கக் கடை போடுகிறார்.

ஏன் இந்தப் பண்டம்? எனக்குத் தோன்றுவது இது. நடுத்தட்டில் இருப்பவருக்கு இரண்டு பக்கத்துச் சமையலறையும் தெரியும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் அடுப்படி தெரியாது. அங்கே போனதே இல்லை. அன்றைய டச்சு வீடுகளில் சமைத்தது 'கொக்கி' என்கிற சமையல்காரி. அதற்கும் முந்தைய தலைமுறையில், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பியப் பெண்கள் பெருவாரியாக வரத் தொடங்கும்வரை, பல டச்சுக்காரர்களின் வீட்டை நடத்தியது 'ஞாய்' என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெண். தாலி கிடையாது, உரிமையும் கிடையாது. ஆனால் வீட்டுச் சாவியும் அடுப்பும் அவள் கையில் இருந்தன. டச்சுக்காரனுக்கு மாட்டிறைச்சி வறுவல் வேண்டும் என்றால் அவளிடம் இருந்த சாமானில்தான் அவள் செய்வாள். ஒயின் கிடையாது, வினிகர் ஊற்றினாள். கிரேவிக்கு நிறம் வர இனிப்புச் சோயா விட்டாள். ஜாதிக்காய் கையெட்டும் தூரத்தில் இருந்தது, ஒரு சுரண்டு சுரண்டிப் போட்டாள். கலப்பு என்று இன்று நாம் சொல்கிறோமே, அது இப்படிக் கிடைத்ததைக் கொண்டு சமாளித்ததில் பிறந்தது.

என் தட்டு வந்தது. மாட்டு நாக்கை மணிக்கணக்கில் வேகவைத்து, மேலே இருக்கிற சொரசொரப்பான தோலை உரித்துவிட்டு, விரல் கனத்துக்கு வட்டமாக அரிந்து லேசாகச் சிவக்க விட்டிருந்தார்கள். மேலே பழுப்பு நிறக் குழம்பு. முதலில் நாக்கில் படுவது இனிப்பு. நம் உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் உப்பு போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு இனிப்பு. 'கெச்சாப் மானிஸ்' என்பார்கள், பனைவெல்லமோ தென்னைவெல்லமோ சேர்த்துக் காய்ச்சிய சோயா. இனிப்பு அடங்கியதும் வெங்காயம், மிளகு, கடைசியாக மூக்கில் ஏறுகிற ஜாதிக்காய். ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், வேகவைத்த கேரட், பீன்ஸ். கத்தியும் முள்ளும் வைத்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் மரியாதை காட்டிவிட்டு ஸ்பூனுக்கு மாறிக்கொண்டேன். சோறு கேட்டேன், உடனே கொண்டுவந்தார்கள். அந்தக் குழம்பு உருளைக்கிழங்கைவிடச் சோற்றுக்குத்தான் அதிகம் ஒத்துப்போகிறது என்பது என் தீர்ப்பு. சாஸ் என்று மெனு சொன்னாலும் அது குழம்புதான்.

அந்த மெனு அட்டையே ஒரு வரலாற்றுப் பாடம். டச்சுக்காரரின் 'பீஃப்ஸ்டுக்' ஜாவாவில் பிஸ்திக் ஆயிற்று. மூடிவைத்து மெதுவாக வேகவைப்பதற்கு அவர்கள் சொன்ன 'ஸ்மோர்' என்ற சொல் 'செமூர்' ஆகி, இன்று ரம்ஜான் பெருநாளுக்கு ஜகார்த்தா வீடுகளில் வைக்கிற குழம்பாகிவிட்டது. 'ஃப்ரிகாடெல்' என்ற இறைச்சி உருண்டை 'பெர்கெடெல்' ஆனது. இறைச்சி கழன்று போய் உருளைக்கிழங்கு மிஞ்சியது. 'போன்ச்செஸ்' என்ற பீன்ஸ் 'புஞ்சிஸ்' ஆனது. கேரட்டுக்கு 'வொர்தெல்', முட்டைகோசுக்கு 'கோல்', இரண்டும் டச்சுதான். சீஸ் குச்சி 'காஸ்தெங்கெல்' ஆகி, அன்னாசி ஜாம் வைத்த 'நாஸ்தார்' பிஸ்கட்டோடு சேர்ந்து பெருநாள் தட்டில் உட்கார்ந்துவிட்டது. பெரும்பாலோர் இஸ்லாமியராக இருக்கிற நாட்டில், ஈத் பண்டிகையின் அடையாளமாகிவிட்ட பலகாரங்கள் டச்சுக்காரரின் கிறிஸ்துமஸ் அடுப்பிலிருந்து வந்தவை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இந்த அலட்சியம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

தூத்துக்குடிக்காரனுக்கு டச்சுச் சொல் ஒன்றும் புதிதில்லை. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்தவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள்தான். 1825 வரை டச்சுக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். இந்தோனேசியாவில் இன்றும் பணத்துக்குப் பேச்சுவழக்கில் 'டூயிட்' என்கிறார்கள். டச்சுச் செப்புக்காசின் பெயர் அது. நாம் சொல்கிற 'துட்டு'ம் அதே காசுதான். அங்கே ஆபீசுக்குக் 'கந்தோர்' என்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் 'கந்தோர்' என்கிறார்கள். கக்கூசும் டச்சிலிருந்து வந்ததுதான், சாப்பாட்டுக் கட்டுரையில் அது வேண்டாம். இலங்கையில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வாழையிலையில் கட்டிச் சுடுகிற 'லம்ப்ரைஸ்' சோற்றுப் பொதியில் ஒரு ஃப்ரிகாடெல் உருண்டையும் பெலாச்சான் என்கிற இறால் சம்பல் ஒரு பிடியும் இருக்கும். பெயர் டச்சு, பெலாச்சான் மலாய், இலை நம்முடையது. பத்தாவியாவும் கொழும்பும் ஒரே கம்பெனியின் இரண்டு கணக்குப் புத்தகங்களாக இருந்த காலத்தின் மிச்சம் அது.

சரி, கடைக்கு வருவோம்.

செமாராங் கிளை திறந்த 1936ஐ யோசித்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கிறது. அந்த ஊர் சர்க்கரையால் கொழுத்த ஊர். சர்க்கரை ராஜா என்று பேரெடுத்த ஓய் தியோங் ஹாம் இந்த ஊர்க்காரர். 'டச்சு இந்தியா' என்று அன்று அழைக்கப்பட்ட இந்தோனேசியாவின் முதல் ரயில் 1867இல் இங்கிருந்துதான் தாங்குங் என்ற ஊர் வரை ஓடியது. பெமுடா சாலையின் ஒரு கோடியில் இன்றும் நிற்கிற லாவாங் சேவு, அதாவது 'ஆயிரம் கதவு' மாளிகை, ரயில் கம்பெனியின் தலைமையகம். ஆனால் 1930களில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஜாவாச் சர்க்கரைதான் முதலில் விழுந்தது. ஏறத்தாழ 30 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 1935இல் 5 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. 180க்கு நெருக்கமாக ஓடிக்கொண்டிருந்த ஆலைகளில் 40கூட மிஞ்சவில்லை. ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பள வெட்டு, பலருக்கு வேலையே போனது. அந்த நேரத்தில், ஓர் ஆங்கிலேயர் நடத்திவந்த கிரில் ரூம் விலைக்கு வருகிறது. ஊன் குடும்பம் வாங்குகிறது. ஐரோப்பியர் கையை விரிக்கிற விலையில் சீனர் கையை நீட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெரிய ஹோட்டலில் விருந்து சாப்பிட முடியாதவன்கூட ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் விசிறிக்குக் கீழே உட்கார முடியும் அல்லவா?

பெரிய ஹோட்டல் விருந்து என்றதும் 'ரைஸ்டாஃபல்' ஞாபகம் வருகிறது. சோற்று மேசை என்று பொருள். பத்தாவியாவின் ஓட்டல் தெஸ் இந்தெஸ் இதற்குப் பேர்போனது. வெள்ளைச் சட்டை, தலைப்பாகை, வெறுங்கால்களோடு பரிசாரகர்கள் வரிசைகட்டி வருவார்கள், ஆளுக்கு ஒரு பதார்த்தம். பண்டம் முழுக்க உள்ளூர்ச் சமையல்தான். பரிமாறிய விதத்தில்தான் காலனி இருந்தது. 1930 கணக்கெடுப்பில் மொத்தம் 6 கோடிக்குக் கொஞ்சம் மேலான மக்களில் ஐரோப்பியர் என்று பதிவானவர்கள் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பரிசாரகர் வரிசையின் பழைய படங்களைப் பார்த்தால் சோறு இறங்காது. அந்த ஹோட்டலை 1971இல் இடித்துவிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. ஊன் கடை மாதிரி இடங்கள் தப்பித்ததற்கு, அவை அந்த ஊர்வலத்தை நடத்தாமல் பிஸ்கட் ஜாடியை நம்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த ரகக் கடைகள் வேறு ஊர்களிலும் உண்டு. சுரபாயாவில் சங்கிராந்தி என்று ஒரு ஐஸ்கிரீம் கடை, 1930இலிருந்து. பெயரைக் கேட்டு பொங்கல் நினைப்பு வந்தால் நான் பொறுப்பில்லை, அது ஓர் இத்தாலியரின் பெயர். ஜகார்த்தாவில் ரகூசா, அதுவும் இத்தாலிய சகோதரர்களுடையது. மேடானில் கேசாவான் தெருவில் 1934இலிருந்து இருக்கிற டிப் டாப்பில் விறகடுப்பிலேயே ரொட்டி சுடுகிறார்கள். டெலிப் புகையிலைத் தோட்டங்களின் பணம் புழங்கிய ஊர் அது. வேலைக்குப் போன தமிழர்கள் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும். இன்னும் வாய்க்கவில்லை.

1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். 1899இல் சட்டம் போட்டு ஐரோப்பியராக்கிய அதே ஜப்பானியர்தான். டச்சுக்காரர்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். செமாராங்கிலேயே லாம்பர்சாரி, பங்கோங் என்று முகாம்கள் இருந்தன. அந்த முகாம்களில் பட்டினி கிடந்த பெண்கள் துண்டுக் காகிதங்களில் சமையல் குறிப்பு எழுதிப் பசியாற்றிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 1945 அக்டோபரில் இந்தச் சாலைப் பக்கம் இளைஞர்களுக்கும் ஜப்பானியப் படைக்கும் ஐந்து நாள் சண்டை. டச்சுக் காலத்தில் போஜோங் என்று இருந்த சாலைக்குப் பிறகு பெமுடா என்று பெயர் வைத்தார்கள். பெமுடா என்றால் இளைஞர்.

மலாங் கிளைக்கு எதிரே இன்னொரு காட்சி. கன்கார்டியா என்ற டச்சுக்காரர் கிளப் அங்கே இருந்தது. 1947 பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை இந்தோனேசியக் குடியரசின் தற்காலிக நாடாளுமன்றம் அந்த கிளப்பில்தான் கூடியது. டச்சுக்காரர்களோடு போட்ட லிங்கஜாத்தி ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று காரசாரமான வாதம். உறுப்பினர்கள் இடைவேளையில் எதிரே ஊன் கடைக்கு வந்து சாப்பிட்டதாக மலாங்கில் சொல்கிறார்கள். அதே வருஷம் ஜூலையில் டச்சுப்படை நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்கக் கூடாதென்று ஊரின் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். கன்கார்டியாவும் எரிந்தது. எதிர்க்கடை தப்பித்தது. அந்தக் கடைக்குள் டச்சு மொழியில் ஒரு வரவேற்புப் பலகை தொங்குகிறது, 1930இலிருந்து விருந்தாளிகளை மகிழ்விக்கிறோம் என்கிற தோரணையில்.

பலகைகளைப் பற்றி இன்னொன்று. 1947இல் இந்தோனேசியா எழுத்துச் சீர்திருத்தம் செய்து, 'ஊ' ஒலிக்கு டச்சுக்காரர் எழுதிய இரட்டை எழுத்தை எடுத்துவிட்டது. 1957இல் டச்சுக் கம்பெனிகளைப் பறித்துக்கொண்டு டச்சுக்காரர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியது. 1967இல் சுகார்த்தோ ஆட்சி சீனப் பண்பாடு வெளியில் தெரியவே கூடாது என்று உத்தரவு போட்டது. சீனப் பெயர் வைத்திருந்தவர்கள் லட்சக்கணக்கில் இந்தோனேசியப் பெயருக்கு மாறினார்கள். பள்ளிகள் போயின, சீன எழுத்து தெருவிலிருந்து மறைந்தது. அந்த உத்தரவை 2000இல்தான் நீக்கினார்கள். இத்தனைக்கும் நடுவில், ஒரு சீனப் பெயர், டச்சு எழுத்துமுறையில், பெமுடா சாலையில் இருந்தது. எல்லாரும் அதை ஐஸ்கிரீமின் பெயராகவே நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஜனங்களுக்கு வாயில் பழகிப்போன சொல்லை அரசாங்கம்கூட லேசில் பிடுங்க முடியாது.

சாப்பிட்டு முடித்துக் கல்லாவில் நின்றேன். ஆயிலர் பையனின் அம்மாவுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், 'கஞ்சல் ரெல்' என்று ஒரு கறுத்த ரொட்டியைக் காட்டினார்கள். தண்டவாளத்துக்கு அண்டக் கொடுக்கிற கட்டை என்று அர்த்தமாம். பெயர் வைத்தவன் ரசிகன். ஸ்லீப்பர் கட்டை மாதிரியே நீள்சதுரமாக, செங்கல் கனத்தோடு இருந்தது. டச்சுக்காரர்கள் காலையில் தின்கிற ஒரு மசாலா கேக் உண்டு. அதைப் பார்த்து இங்கே செய்ததுதான் இது. கோதுமை மாவு கட்டுப்படியாகாத காலத்தில் மரவள்ளி மாவு, வெல்லம், பட்டைத்தூள், மேலே எள். ஒரு கடி கடித்தால் ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டும். ரயில் பிறந்த ஊரில் ரொட்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

எனக்காக இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்று லிடா குச்சிங். இன்னொன்று 'லாப்பிஸ் லெகிட்'. டச்சுக்காரர் அதை 'ஸ்பெக்கூக்' என்றார்கள், வெட்டிய பக்கம் பன்றிக்கொழுப்பு அடுக்கு மாதிரி தெரிகிறதாம். அதைச் செய்கிற விதம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு கரண்டி மாவை ஊற்றி மேலிருந்து சூடு காட்ட வேண்டும். அது சிவந்ததும் அதன்மேல் இன்னொரு கரண்டி. இப்படிப் பதினெட்டு, இருபது அடுக்கு. பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் உண்டு. வெண்ணெய் தாராளம். ஒரு கேக்குக்கு முப்பது முட்டை மஞ்சள்கரு.

நாலு மாதம் கழித்து ஊருக்கு வந்தேன். பூனை நாக்கு பத்திரமாக இருந்தது. லாப்பிஸை கப்பலிலேயே ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தேன். முதலில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அம்மாவிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மக்ரூன் அடிக்கிற கை அது. வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிமாவும். வெள்ளைக்கரு நுரைத்து நிற்கிற பக்குவத்தைக் கண்ணால் பார்த்தே சொல்வார். பிஸ்கட்டை ஒடித்து ஒரு துண்டை வாயில் போட்டு, கொஞ்ச நேரம் கரைய விட்டார்.

"ஏய்யா, இது வெள்ளைக்கருதான போட்டிருக்காவ?"

"ஆமாம்மா."

"ஒரு கடைக்கு இம்புட்டு வெள்ளைக்கரு எடுத்தா, மஞ்சக்கருவ அந்தப் பொம்பள என்ன செஞ்சா?"

கடையைத் தொடங்கியது ஒரு பெண் என்று அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஜாவா முழுக்கச் சுற்றி வந்து, மெனுவையும் பலகையையும் படித்து, 1854 சட்டம்வரை தேடிய எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. பையிலிருந்து லாப்பிஸ் லெகிட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு அடுக்காகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.